பட்டன் அக்காவின் பாதிக் கடை

எங்கள் கடை இருக்கும் காம்ப்ளெக்ஸில் என் அக்காவுக்கு வைத்திருக்கும் பெயர் பட்டன் அக்கா. கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் விற்கிறாள். இரண்டு பக்கமும் பட்டன், நடுவில் திரை, விளையாட்டைத் தவிர வேறு எதற்கும் உதவாத சாமான். கடையின் இடது பாதி அவளுடையது. வலது பாதியில் மாமா, அதாவது அவள் புருஷன், செல்போன் விற்கிறார். அவர் பக்கத்தில் போன் திரை கீறாமலிருக்க ஸ்கிரீன் கார்டு ஒட்டுவது என் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான்தான்.

ஒரு காலத்தில் சனிக்கிழமையானால் அக்கா பக்கம் நிற்க இடமிருக்காது. மாமா ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். போனிலேயே எல்லா விளையாட்டும் சும்மா கிடைக்கத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பிள்ளைக்கு வாங்க வரும் அப்பாக்கள் விலையைக் கேட்பார்கள், "இதுல பேச முடியாதா?" என்பார்கள், வலது பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பேசத்தான் வாய் இருக்கே!" என்பாள், அவர்கள் காதில் விழும்படியே.

இப்படி வியாபாரம் பண்ணினால் விளங்கினாற்போலத்தான். இத்தனைக்கும் அவளே பஸ்ஸில் போனில் கலர் உருண்டை உடைத்துக்கொண்டு, இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டை விட்டவள். அதைச் சொல்லிக் காட்டினால், "அது நேரம் போறதுக்குடி. இதுதான் விளையாட்டு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவளிடம் ஒரு வழக்கம். யார் வந்தாலும், விளையாடிப் பார்க்க வைத்திருக்கும் டெமோ கேமைக் கையில் கொடுத்துவிடுவாள். வாங்குவார்களா மாட்டார்களா என்று பார்க்கமாட்டாள். அவர்கள் விளையாடியதை அழிக்கவும் மாட்டாள். மறுநாள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அப்படித் தொடர்ந்தவள் மாடியில் இருக்கும் கிளினிக் நர்ஸ். மதியம் சாப்பிட்டதும் இறங்கி வருவாள். ஊர் கட்டும் விளையாட்டு அது. ஆற்றின் மேல் பாலம், வாசலில் பூச்செடி வைத்த வீடுகள் என்று மாசக்கணக்கில் நின்றுகொண்டே கட்டினாள். ஒருநாள் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் சிஸ்டர், போன்லயும் இந்த மாதிரி இருக்கே. வீட்டுல உக்காந்து விளையாடலாமே?"

"போன்ல எங்க நிம்மதியா விளையாட விடுறாங்க? ஒரு வீடு கட்டறதுக்குள்ள மாமியார் கூப்பிடுவாங்க, டாக்டர் கூப்பிடுவாரு. போனை மேலேயே வச்சுட்டு வந்துடுவேன். இதுல என்னை யாரும் கூப்பிட முடியாதே."

அப்போது அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தப் பெருமை தாங்கவில்லை.

பெருமை கடையை நடத்துமா? போன் கம்பெனி ஏஜெண்ட் வந்தார். முழுக் கடையையும் போனுக்கே கொடுத்தால் ஷோகேஸ், விளக்கு, போர்டு எல்லாம் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாராம், பதில் வேண்டுமாம். மாமா நல்ல மனிதர், கட்டாயப்படுத்தவில்லை.

"உன் விருப்பந்தான்" என்றார் அக்காவிடம். "ஆனா நீயே சொல்லு, இந்த மாசம் ஒண்ணாவது வித்துச்சா?"

அக்கா ஷோகேஸ் கண்ணாடியில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பல்வலி என்று அக்கா சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமாதான் கடையைச் சாத்தினார். டெமோ போனில் வருகிறவன் போகிறவன் எல்லாம் தன் மூஞ்சியைப் படமெடுத்து வைத்துவிட்டுப் போவான். அதனால் கடை சாத்தும்போது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து ரீசெட் போடுவது போன் கடைக்காரர்களின் பழக்கம். வரிசையாக ரீசெட் போட்டுக்கொண்டே வந்த மாமா, இடது பக்கத்து டெமோவையும் விட்டுவைக்கவில்லை. பாவம், பெண்டாட்டிக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் செய்தார்.

மறுநாள் மதியம் நர்ஸ் வந்தாள். டெமோவைப் போட்டதும், புது ஆளிடம் கேட்பதுபோல அது பெயரைக் கேட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

"அக்கா, என் ஊரைக் காணோமே" என்றாள்.

அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் செத்துவிட்டது.

"நான்தாம்மா... பழக்கதோஷத்துல அழிச்சிட்டேன்."

"பரவாயில்ல சார், விளையாட்டுதானே" என்று சொல்லிவிட்டு நர்ஸ் மாடியேறிப் போய்விட்டாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்ததை மூன்று பேரும் கேட்டோம்.

அக்கா கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஏஜெண்ட் கூப்பிட்டா சரின்னு சொல்லிடுங்க. இனிமே இங்க காப்பாத்த என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போனாள்.

மாமா டெமோவை எடுத்துக்கொண்டு அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏ வாயாடி, அந்தப் பாலம் எங்க இருந்துச்சு?"

"ஆத்து மேலதான் மாமா. பாலம் வேற எங்க இருக்கும்?"

பட்டன் அவருக்கு வசப்படவே இல்லை. சார்ஜர் கேட்டு வந்தவரிடம் "அப்புறம் வாங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவருடைய போன் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"மாமா, ஏஜெண்ட்!"

"இரும்மா, பாதிப் பாலத்துல நிக்கிறேன்."

அக்கா பெட்டியும் கையுமாக வெளியே வந்தாள். "போன் அடிக்குதுங்க, காதுல விழலையா?"

"விழுது" என்றார் தலை நிமிராமல். "இதை இப்படியே விட்டா, நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து எதைப் பார்ப்பா?"

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அவரு வேலையா இருக்காருங்க. நான் அவர் வீட்டுக்காரி. பாதிக் கடைக்கு மட்டும் விளக்குப் போட்டுத் தருவீங்களா? முடியாதுன்னா இருக்கிற விளக்கே போதும்."

ஏஜெண்ட் விளக்குப் போட்டுத் தரவில்லை. அக்கா பக்கம் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று புளுகவும் மாட்டேன். அவளுடைய மேல் தட்டில் இப்போது இயர்போன் தொங்குகிறது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா என்னை மாடிக்கு அனுப்பி நர்ஸை வரவழைத்தாள். நர்ஸ் திரையை உற்றுப் பார்த்தாள்.

"சார், ஆறு அந்தப் பக்கம் ஓடுது. பாலம் இந்தப் பக்கம், வெறும் தரையில நிக்குதே!"

"இடிச்சிடும்மா" என்றார் மாமா, வெட்கத்துடன்.

"வேண்டாம் சார், இருக்கட்டும்." சிரித்துக்கொண்டே பாலத்தின் ஓரத்தில் ஒரு பூச்செடியை வைத்தாள்.

மாமா இப்போதும் தினமும் கடை சாத்தும்போது வரிசையாக ரீசெட் போட்டுக்கொண்டு வருவார். அக்காவின் டெமோவுக்கு முன்னால் வந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுவிடுவார்.