சுவரோரம் அரை அங்குலம்

பிளைவுட் ஷீட்டைப் பலகை பலகையாக அறுத்து, இருக்கிற தரை மேலேயே பாவுகிற வேலையில், முழங்கால் தேய்வது பாதி, வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லி நாக்குத் தேய்வது மீதி. நீங்களும் தச்சு வேலைக்காரர் என்றால் என்னோடு சேர்ந்து பல்லைக் கடியுங்கள். இல்லையென்றால், உங்கள் வீட்டில் வேலை செய்தவன் ஏன் முணுமுணுத்துக்கொண்டே போனான் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

எழுபதுகளில் நடந்த கதை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்தாற்போல் மெட்ராஸ் வக்கீல் ஒருவர் பங்களா கட்டினார். சிமெண்ட் தரை போட்டு முடித்த பிறகு அவர் சம்சாரம் ஊட்டிக்குப் போய், யாரோ வீட்டில் மரத்தரையைப் பார்த்துவிட்டார். அங்கே குளிர், இங்கே உப்புக் காற்று. அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? செங்கல்பட்டிலிருந்து என்னையும் என் தங்கை புருஷன் ஏகாம்பரத்தையும் வரச் சொன்னார்கள்.

நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடியதற்குக் காரணம் வக்கீல் இல்லை. பக்கத்து மனையில் டூரிஸ்டுகளுக்கென்று பன்னிரண்டு குடில் எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுகிற இன்ஜினியர், "அடைமழை முடியட்டும், வக்கீல் வீட்டு ஹாலை வந்து பார்க்கிறேன். தரை அப்படியே நின்னா பன்னெண்டும் உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். மரவாடியில் நாள் முழுக்க வாள் இழுத்துத் தோள்பட்டை போயிருந்த ஏகாம்பரம், அந்த வார்த்தையை நம்பி மரவாடி வேலையை விட்டுவிட்டான்.

கோலி

முதல் நாளே ரசமட்டம் வைத்தேன். ஹாலின் கிழக்கு மூலை பள்ளம். பள்ளத்தின் மேல் பலகை போட்டால் மிதிக்கிற இடமெல்லாம் முனகும். சொன்னேன். வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. தரை போட்ட கொத்தனார் கன்னியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். கன்னியப்பன் உள்ளூர் ஆள். என் ரசமட்டத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, கண்ணாடிக்குள் இருக்கிற குமிழியைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வாட்ச்மேன் பிள்ளையிடம் ஒரு கோலி வாங்கி மேற்குச் சுவரோரம் வைத்தேன். அது யாரையும் கேட்காமல் கிழக்கு மூலைக்குப் போய் நின்றது. கன்னியப்பன் எல்லார் எதிரிலும் உட்கார்ந்து பள்ளத்தைப் பூச வேண்டியதாயிற்று. பூசிக்கொண்டே சொன்னார்: "தர சரியாத்தாங்க கீது. கோலிதான் கோணலு."

அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

சும்மா நின்ற ஷீட்டுகள்

லாரியில் வந்த ஷீட்டை அன்றே அறுக்கிறவன் தச்சன் இல்லை. போடப்போகிற அறையிலேயே ஒரு வாரம் நிறுத்தி வைத்து, அந்தக் காற்றுக்குப் பழக விட வேண்டும். நிறுத்தி வைத்தோம். அந்த ஒரு வாரமும் கீழிருந்து ஈரம் ஏறாமல் தரைக்குத் தார் அடித்தோம், ஆணி இறங்குவதற்குக் கட்டை பதித்தோம். வக்கீல் கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை, நின்றுகொண்டிருந்த ஷீட்டுதான் தெரிந்தது.

மரம் பழகணும் சார் என்றேன். கோர்ட்டில் நாலு வருஷம் வாய்தா வாங்குகிற மனுஷன், ஒரு வாரம் பொறுக்க மாட்டாராம். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்துக்குப் பழக்கம், உங்களுக்குத் தூக்கம். நடக்கட்டும் மேஸ்திரி."

தேள் வழி

பலகையெல்லாம் பாவி முடித்தோம். நாலு சுவரோரமும் அரை அங்குலம் இடுக்கு விட்டிருந்தேன். மழை ஈரத்தில் மரம் உப்பும். உப்பினால் நகர இடம் வேண்டும். மேலே பீடிங் என்கிற மெல்லிய மரச்சட்டத்தை அடித்துவிட்டால் இடுக்கு இருப்பதே தெரியாது. பீடிங் அடிப்பதற்கு முன்னால் வக்கீல் சம்சாரம் வந்துவிட்டார்.

இதென்ன, அளவு தப்பிவிட்டதா என்று கேட்டார். விளக்கினேன். தேள் வரும் என்றார். பீடிங் மூடிவிடும் என்றேன். பூரான் வரும் என்றார். மறுபடியும் விளக்கினேன். கன்னியப்பன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வக்கீலம்மா கடைசியில் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சிமெண்டுக்காரன் பள்ளம் விட்டா தப்பு. மரக்காரன் இடுக்கு விட்டா அது சாஸ்திரமா?"

பசு

கிரகப்பிரவேசத்துக்குப் பசு வந்தது. வாசல் வரைக்கும் நல்லபடியாக வந்த பசு, பலகையில் குளம்பு வைத்ததும் எழுந்த சத்தத்தில் மிரண்டு நின்றுவிட்டது. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். நடு ஹாலுக்கு வந்ததும் எந்த மங்கள காரியத்தை எதிர்பார்த்துப் பசுவை வீட்டுக்குள் விடுகிறார்களோ, அதைத் தாராளமாகச் செய்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் ஏகாம்பரமும் கோணிப்பையோடு ஓடினோம்.

துடைத்து முடிக்கவில்லை, வேலைக்காரி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஹாலில் கொட்டிவிட்டாள். பன்னிரண்டு குடிலும் அந்தத் தண்ணீரில் மிதந்து போவதுபோல் இருந்தது. அம்மா என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "கோமியம் பட்ட மரம் கெட்டதா சரித்திரமே இல்லை, மேஸ்திரி."

மழை விட்ட பிறகு

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் இன்ஜினியர் வந்தார். நாங்களும் பஸ் பிடித்துப் போனோம். ஏகாம்பரம் சலவைச் சட்டை போட்டிருந்தான்.

கதவைத் திறந்தால், நடு ஹாலில் தரை முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆணியெல்லாம் பிடுங்கிக்கொண்டு, ஒரு கன்றுக்குட்டி அடியில் படுத்திருக்கிறாற்போல். வக்கீல் இரண்டு கையையும் விரித்தார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கணக்கு எங்கே தப்பியது?

பசுவா, குடம் தண்ணீரா என்று மண்டை குடைய, உளியை எடுத்துச் சுவரோரத்துப் பீடிங்கை நெம்பினேன். உள்ளே இடுக்கு இல்லை. நாலு பக்கமும் சிமெண்ட், அழகாக, தேய்த்து வழவழவென்று. நாங்கள் போன மறுநாளே அம்மா சொல்லி, கன்னியப்பன் பீடிங்கைக் கழற்றி, பூசி, திரும்ப அடித்திருக்கிறார். உப்பின மரம் எங்கே போகும்? மேலேதான் போகும்.

இன்ஜினியரிடம் சிமெண்டைத் தட்டிக் காட்டினேன். பார்த்தார், புரிந்துகொண்டார், தலையும் ஆட்டினார். ஆட்டிவிட்டு, மரமென்றால் இந்த ரோதனை இருக்கத்தான் செய்யும், குடிலுக்கெல்லாம் சிமெண்டே போட்டுவிடலாம் என்றார். யாரை வைத்துப் போடுவது? அந்த வழவழப்பை இன்னொரு தரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாருப்பா இதைப் பூசினது? நல்ல கை" என்றார்.

பன்னிரண்டு குடிலும் கன்னியப்பனுக்குப் போயிற்று. ஏகாம்பரம் சலவைச் சட்டையோடு வாசல் கேட் பக்கம் போய் நின்றுகொண்டான். திங்கட்கிழமை மறுபடியும் மரவாடிக்கே வாள் இழுக்கப் போனான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கன்னியப்பன் மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து, என் கருவிப் பையைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்: "உன் இடுக்கத்தான் அடைச்சேன் அண்ணாத்த. உன் பொழப்ப அடைக்கணும்னு நெனைக்கலே."

அன்றிலிருந்து எங்கே மரத்தரை போடப் போனாலும் முதலில் அந்த வீட்டுக் கொத்தனாருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ரசமட்டத்தைப் பைக்குள்ளிருந்து எடுக்கிறேன்.