கொளுத்தாத சூடம்

எண்பதுகளில் ஜாலான் புசார் சாலைப் பக்கம் ஒரு பழைய பெட்ரோல் நிலையத்தை மூடினார்கள். பூமிக்குள் இருந்த டேங்குகளைத் தூக்கியாகிவிட்டது. பெட்ரோல் ஊறிய மண்ணை அள்ளும் வேலை எங்களுக்கு வந்தது, நான் மேற்பார்வையாளன்.

மண்ணைப் பார்த்துச் சொல்ல ஒருவரை அனுப்பியிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியானவர், கழுத்தில் சிலுவை. ஒவ்வொரு பிடி மண்ணையும் மூக்கருகே கொண்டுபோய், "இது போகணும்", "இது இருக்கலாம்" என்பார். வேறு பேச்சே கிடையாது.

முதல் நாள் காலை வழக்கம்போலக் குழியோரத்தில் பூசை போட்டேன். தேங்காய் உடைத்து, சூடத்தை வைத்து, தீப்பெட்டியை எடுத்தேன். அவர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க சாமின்னா உங்களுக்கு ஆகாதா?" என்றேன் கோபமாக.

"சாமிய நல்லா கும்பிடுங்க. நெருப்பு மட்டும் வேணாம் லா. டேங்க் போனாலும் பெட்ரோல் ஆவி குழிக்குள்ளதான் கிடக்கு. கீழ எட்டுப் பேரு நிக்கிறாங்க."

குனிந்து பார்த்தேன். எட்டுப் பேரும் சூடம் எரிவதற்காகக் கைகூப்பி, என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தீப்பெட்டியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைசி லாரி மண் போன பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சூடம் ஏற்றுவது மனைவிதான். நான் குச்சியை எடுத்தால், அன்று அந்த மனிதர் பிடித்து நிறுத்திய அதே இடத்தில் கை நின்றுவிடுகிறது.