நான் ஓட்டிய கார்

பேய், ஆவி எதையும் நான் நம்பியவன் இல்லை. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன். நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, மந்தைவெளியில் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்ணை என் கார் இடித்துவிட்டது. காரில் நான் மட்டும்தான். கண்ணில் புரை விழுந்ததால் லைசென்ஸைப் புதுப்பிக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பயத்தில், அவ்வப்போது எங்களுக்கு ஆக்டிங் டிரைவராக வரும் ஏழுமலைக்குப் போன் செய்தேன். அடையாறில் டீக்கடையில் இருந்த அந்த நரைமீசைக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். நான் கெஞ்சிக் கேட்டதால், ஓட்டியது தான்தான் என்று ஸ்டேஷனில் சொன்னார். கார் வைத்திருப்பவர்கள் பலரும் செய்வதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழுமலை போன வருடம் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. அடிபட்ட கால் வரவர மோசமானதால் அந்தப் பெண் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருந்தாள். போலீஸ் பதிவுப்படி டிரைவரான ஏழுமலை உயிரோடு இல்லாததால் அவர் மனைவி சரோஜாவையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றியபோது ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட குடும்பம். சரோஜா இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வந்து என் வாசலில் நின்றாள்.

"நீயே சொல்லு சார். ஒரு பொம்பளைய இடிச்சிட்டு என்னாண்ட ஒரு வார்த்த சொல்லாம சோறு துன்னுட்டு படுக்குற ஆளா அவரு? செத்தும் பழி உடாம தொரத்திக்கினு கீதே."

எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்: உண்மையைச் சொன்னால் இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிவிடும், வீட்டை விற்கவேண்டி வரும், பொய் சொன்னதற்குத் தனியாக வழக்கு வேறு. பேசாமல் இருந்துவிடுங்கள் என்றார். என் மனைவி படுத்த படுக்கை. அவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

விசாரணை நாள் காலை பாபு என்ற புது ஆக்டிங் டிரைவர் வந்தார். நல்ல உயரம், ஏழுமலையைப் போல. சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு வண்டியை எடுத்தார். சாந்தோம் வருவதற்குள் சீட் தானாக முன்னால் நகர்ந்து அவர் முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. ஓரங்கட்டி மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"லாக்கு நல்லாத்தான் கீது சார். யாரோ பின்னாலருந்து தள்றா மாதிரி கீது. எனக்கு இந்த வண்டி வேணாம்."

அவர் போன பிறகு நான் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குள்ளமான எனக்கு அளவெடுத்தது போலிருந்தது. பட்டப்பகல், சுற்றிலும் பள்ளிக்கூடக் கூட்டம். கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். காரை அங்கேயே விட்டு ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போனேன். கூண்டில் ஏறி, ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு இனி எங்களுக்கு இல்லை.

வெளியே வராந்தாவில் ஊன்றுகோலோடு அந்தப் பெண் என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓட்டினது நீங்கதான்னு நான் சொன்னப்போ போலீஸ் கேக்கலை. அன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்திருந்தாரே, அவர் வரலையா சார்?"

"யாரும்மா?"

"உயரமா, நரைச்ச மீசை. அவர்தானே எட்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்தாரு. இல்லேன்னா வண்டி என் தலைமேலயே ஏறியிருக்கும்."

அந்த நேரத்தில் ஏழுமலை உயிரோடு, அடையாறில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கார் சட்டென்று இடப்பக்கம் வெட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருப்பியது என் கைதான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.