தகரம் தட்டினால் ஆள் வரும் தெரு

டெக்னிக்கல் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு றக்வான டவுனில் ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலைக்கு இருந்தேன். மாவனல்லைக்கார முதலாளி, நான், ஒரு மேசை. அவ்வளவுதான் கடை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பையன்களும் கிராமத்துச் சிங்களப் பையன்களும் பஸ் சீட்டில் உட்காரும் இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். நான் அந்த பஸ்ஸிலேயே இல்லை. ஆனால் டவுனில் கைக்கு எட்டுகிற தோட்டத்து ஆள் நான்தான்.

மறுநாள் அந்தக் கிராமத்துப் பையன்கள் த்ரீவீலரில் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். கண்ணாடி அலமாரி நொறுங்கியது. என் தாடையில் ஒரு குத்து, வாய் முழுக்க ரத்தம். அந்த நேரத்தில் நான் செய்த வேலை இருக்கிறதே, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். ஸ்டூலை எடுத்து கடைக் கதவுத் தகரத்தில் டம டமவென்று அடித்தேன். எங்கள் தோட்டத்தில் அடிதடி என்றால் யாராவது தகரம் தட்டுவார்கள். மேல் லயம், கீழ் லயம், எல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கி வந்துவிடும். பேசாமல் இருந்த பகைக்காரன்கூட வருவான்.

டவுனில் ஒரு நாய்கூட வரவில்லை. வந்தவன்களில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கோ உம்பே மினிஸ்ஸு?” எங்கேடா உன் ஆட்கள் என்று கேட்டுக்கொண்டே கம்பியால் என் முழங்கையை உடைத்தான்.

முதலாளி கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே சொன்னார்: “தம்பி, நான் ஊருக்கே போயிர்றன். நீங்களும் வேற எடம் பாருங்க.”

உடைந்த கை எலும்பு கூடியதும் அக்காவுக்கு போன் போட்டேன். அவள் கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸில் வேலை செய்து, ஆஸ்டலில் தங்கியிருந்தாள்.

“கொழும்புக்கு வர்றேன். அங்க கடை நெறய. ஒண்ணு போனா இன்னொண்ணு.”

“வாடகைய யாரு, நம்ம தாத்தாவா கட்டுவாரு? கொழும்புக்கு உள்ளுக்க ரூம் எடுத்தா சோறு திங்க முடியாது. வத்தளப் பக்கம் பாருடா.”

“வத்தளையெல்லாம் ஒரு கொழும்பா?”

“ஆமா, தொர நீங்க கோட்டைலதான் இருப்பீங்க.”

அவள் பேச்சைக் கேட்கவில்லை. கொழும்பு புறக்கோட்டைச் சந்து ஒன்றில் ஒரு போன் கடையில் வேலை, ஒரே அறையில் பாயோடு பாய் உரசிப் படுக்கை. ஒரு மத்தியானம் கடை நடத்தக் கப்பம் கேட்டு இரண்டு ரவுடிகள் வந்து முதலாளி முகத்தில் ஹெல்மெட்டால் அடித்தார்கள். மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கை தானாகத் தகரத்துக்குப் போய்விட்டது. தட்டத் தட்ட, சந்து முழுக்கக் கடைக் கதவுகள் கடகடவென்று இறங்கின. அவ்வளவு பெரிய கடைத்தெருவில் நானும் என் சத்தமும் மட்டும்.

முதலாளி ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினார்: “மடையா! சத்தம் போட்டா பொலிஸ்தான்டா வரும்!”

வந்தது. அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தைப் பார்த்ததும் பொலிஸ்காரன் விட்ட அறையில் காது அடைத்துப்போனது. நான் மடமடவென்று சிங்களம் பேசினேன். அதற்கும் ஒரு அறை. அக்கா ஸ்டேஷனுக்கு வந்து என்னை வெளியே எடுத்தாள். வேலையும் போனது. வெளியே வந்ததும் அவளும் அடித்தாள்.

“இனியாச்சும் வத்தளைக்கு வர்றியா?”

“வர்றேன். ஆனா எந்தத் தெருன்னு நான்தான் பாத்து எடுப்பேன்.”

வத்தளையில் ஒரு ரிப்பேர் கடை, பின்னால் ஒரு அறை, வாடகை சம்பளத்துக்குள் அடங்கியது. அக்கா முதலாளியிடம் சம்பளத் தேதி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய், கிடந்த தகரத்தைக் கட்டையால் விளாசினேன். பக்கத்துப் பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு ஒருவன் ஓடி வந்தான். எதிர் கராஜிலிருந்து ஸ்பேனரோடு இரண்டு பேர்.

“என்னடா? யாரு அடிச்சா?”

“சும்மா தட்டிப் பாத்தேன்.”

பேக்கரிக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “எந்தத் தோட்டம்டா நீ?”

“றக்வானப் பக்கம்.”

“நா பலாங்கொட. இன்னொரு தடவ சும்மா தட்டுன, ஒன்னையப் போட்டு மிதிப்பேன்.”

அன்றே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அந்த மாதமே கப்பக்காரர்கள் அங்கேயும் வந்தார்கள். ஒருவன் முதலாளியின் சட்டையைப் பிடித்தான், இன்னொருவன் கத்தியை உருவினான். நான் தட்டினேன். தெரு திறந்தது. ஸ்பேனர் சட்டையைப் பிடித்தவன் தோளில் இறங்கியது, அவன் சுருண்டு விழுந்தான். பேக்கரிக்காரன் ரொட்டி தள்ளும் கட்டையால் கத்திக்காரன் மணிக்கட்டை அடித்த அடியில் கத்தி வடிகானில் விழுந்தது. தரையில் விழுந்தவனை நான் உதைத்தேன். என் முழங்கைக்கு ஒன்று, புறக்கோட்டை முதலாளி மூக்குக்கு ஒன்று, என் காதுக்கு ஒன்று. அவன் அந்த றக்வானக் கம்பிக்காரன் இல்லை என்று தெரியும். உதைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். சட்டையில் கழுவியும் போகாத கறையைப் பார்த்தாள்.

“இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்புனமா?”

“கடை மறுநாளே தெறந்துச்சுக்கா. சம்பளமும் வந்துருச்சு.”

அவள் வாசலுக்கு வந்து பேக்கரியையும் எதிர் கராஜையும் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய், சுவரிலிருந்து சுவருக்கு நடந்து பார்த்தாள்.

“நடுவுல ஒரு சேலையக் கட்டுனா ரெண்டு பேரு படுக்கலாம். ஆஸ்டல்ல சொல்லிட்டு வந்துர்றேன்” என்றாள்.