இடது பக்கத் தகடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. அரியலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடி நின்றால் வாய் திறக்காதவன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் இருபத்திரண்டு வருடமாக டெண்டர் வேலை, அதாவது டிங்கரிங், பார்க்கிறேன். அடிபட்ட வண்டியின் தகட்டை நிமிர்த்துவது, இற்றுப்போனதை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைப்பது, இதுதான் வேலை. வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட ஒருவன் அதைத் தாளில் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியில், பழைய கைலித் துணியில் சுற்றி, ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. இரண்டு உள்ளங்கை அகலம். மூன்று பக்கம் நான் கிரைண்டரால் வெட்டியது, நாலாவது பக்கம் துரு தின்றது. அதன் மேல் விளிம்பில் சில எழுத்துகளும் எண்களும் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஊருக்கு லீவில் போகும்போதெல்லாம் அதை என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

அது நானாவின் வண்டியிலிருந்து வெட்டியது. நானா எங்கள் கராஜின் எஞ்சின் மெக்கானிக், நாகூர்க்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர்கள் பக்கம் அண்ணனை நானா என்பார்கள்; நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். முப்பது வருடம் அடுத்தவர் வண்டிகளின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தவர், சொந்தமாக ஒரு வண்டி வைத்துக்கொண்டதில்லை. விசா முடிந்து ஊருக்குப் போக இரண்டு வருடம் இருக்கும்போது, தைத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பம்புசெட் பார்க்கப் போனார். அங்கே நம் ஊர் வன்னி மாதிரியான காஃப் மரத்தடியில் ஓர் அமெரிக்க வண்டி கிடந்திருக்கிறது. இரண்டே கதவு, நீண்ட பானெட், அகலமான பின்பக்கம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டி. டயர் நாலும் மண்ணுக்குள் புதைந்து, பின் சீட்டில் ஆடுகள் படுத்திருந்தனவாம். தோட்டக்காரக் கிழவர் இறந்து, அவர் மகன் அதை எடுத்துப்போனால் போதும் என்றிருந்தான். நானா பேரம்கூடப் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ரிக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏசி எலக்ட்ரீஷியன், திருநெல்வேலிக்காரன், சுற்றி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். "என்ன நானா, ஆட்டுக் கொட்டாயைப் பெயர்த்துக் கொண்டாந்திருக்கிய?"

"சிரிடா மாப்ள, சிரி. இது சவுண்டு போடறப்ப நீ காதப் பொத்துவே, இப்ப மூக்கப் பொத்திக்க."

நானா இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் ஒரு ரவுண்டானாவில் நின்றிருந்தபோது இப்படி ஒரு வண்டி அவரைக் கடந்துபோயிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்கவில்லை, அடிவயிற்றால் கேட்டேன் என்பார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம் மட்டும் இல்லை. வண்டியின் உரிமை அட்டையை இங்கே முல்கியா என்பார்கள். "ஆயிரம் முல்கியா பாத்துட்டேன் தம்பி. எல்லாத்துலயும் அடுத்தவன் பேரு. ஒன்னுலயாச்சும் என் பேரு வரணும். ஒரு வருஷம் ஓட்டிட்டு, வித்துட்டு, கலாஸ், ஊருக்குப் போயிருவேன்" என்பார். அந்த வண்டியின் முல்கியா காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. வண்டி பாஸிங்கில், அதாவது அரசுச் சோதனையில், தேறினால்தான் அவர் பெயரில் புது அட்டை கிடைக்கும். போனில் அவர் மனைவி, "வீட்டுல ஃப்ரிட்ஜு ஒழுகுது, ஒங்களுக்குத் துருப்புடிச்ச காரா?" என்று கேட்டதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

பதினான்கு மாதம், விடுமுறை நாட்களிலெல்லாம் வேலை செய்தோம். எஞ்சின் அவர் பொறுப்பு, உடம்பு என் பொறுப்பு. அவர் மிகவும் கவனமாகப் பாதுகாத்தது ஒரு சின்ன அலுமினியத் தகடு. கதவின் ஓரத்தில் ஆணியடித்திருந்தது, அதில் வண்டியின் சேஸிஸ் நம்பர் இருந்தது. பெயிண்ட் வேலை தொடங்கும் முன் தானே அதைக் கழற்றி, கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதான் இவளோட பாஸ்போர்ட்டு. தொலஞ்சா தொலஞ்சோம்" என்று ஒவ்வொருவரிடமும் காட்டுவார். காட்டிக் காட்டி அந்த நம்பரின் கடைசி நாலு எண்கள் எனக்கும் பாடமாகிவிட்டன.

பானெட்டுக்குள் இடது பக்கம், முன் மட்கார்டை ஒட்டி வரும் உள் தகடு முழுவதும் இற்றுப்போயிருந்தது. விரலால் குத்தினால் உள்ளே போனது. தார் பூசி, அதன் மேல் மண் அப்பி, கறுப்புக் கட்டியாக இருந்தது. அதை வெட்டி எடுத்தேன். புதிதாக ஒன்றை வளைத்துச் செய்ய அளவு வேண்டுமே, அதனால் வெட்டிய துண்டை எறியாமல் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். வேலை முடிந்ததும் அதை அலமாரியின் மேல் தூக்கிப் போட்டேன். வெல்டிங் வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு இணைப்பு எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. நானா எல்லோரையும் கூப்பிட்டார். அந்த இடத்தில் விரலை ஓட்டிக் காட்டி, "எங்க ஜாயிண்ட்டுன்னு கண்டுபுடிங்கடா பாப்பம். கம்பெனிக்காரன்கூட இப்படி அடிச்சிருக்க மாட்டான்" என்றார். பெயிண்டர் பாய், பெஷாவர்க்காரர், பாராட்டே தெரியாதவர், அவரும் "அச்சா காம்" என்று தலையாட்டினார். என்னை யாரும் அதற்குமுன் நாலு பேர் முன்னால் அப்படிப் புகழ்ந்ததில்லை. பிறகும் இல்லை.

பாஸிங்குக்கு முந்தைய நாள் மதியம் அலமாரியைச் சுத்தம் செய்தேன். அந்தத் துண்டு கையில் வந்தது. தூக்கிப் போடத்தான் எடுத்தேன். விளிம்பில் தார் உரிந்து ஏதோ கோடு மாதிரித் தெரிந்தது. தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். ஒரு எண் வந்தது. இன்னும் துடைத்தேன், அடுத்தது வந்தது. கடைசி நாலு எண்களும் வந்தன, எனக்குப் பாடமாகியிருந்த அதே நாலு. நாங்கள் கைக்குட்டையில் மடித்து வைத்துக் காப்பாற்றியது, ஆணியடித்த வெறும் சீட்டு. வண்டி பிறந்தபோது அதன் உடம்பில் அடித்த நம்பரை நான் வெட்டி எடுத்துவிட்டேன்.

சொல்லத்தான் போனேன். நானா வண்டியைச் சுற்றி எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கரும்பச்சை வண்ணம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மறுநாள் மதியத்துக்குக் கராஜில் இருந்த அத்தனை பேருக்கும் பிரியாணி சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, நாளைக்கு முன் சீட்டு உனக்குத்தான். வேற எவனையும் ஏத்த மாட்டேன்" என்றார். எலக்ட்ரீஷியன், "எலே, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சட்டைய மாத்திட்டு வா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் துண்டைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். கதவில் மறுபடி அடித்துவிட்ட நம்பரைப் பார்த்தாலே விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்ச் சமாதானம். உண்மையைச் சொல்வதென்றால், ஜாயிண்ட் தெரியாத அந்த இடத்தில் விரலை வைத்து, தப்பு இங்கேதான் இருக்கிறது என்று நானே காட்ட வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. காலையில் வயிற்றுவலி என்று சொல்லி, வண்டியில் ஏறவில்லை.

சோதனை நிலையத்தில் நடந்ததைப் பின்னால்தான் கேட்டேன். அதிகாரி பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, இடது பக்கத்தைக் கட்டைவிரலால் தடவியிருக்கிறார். வழவழவென்று இருந்திருக்கிறது. நானா கதவைக் காட்டியிருக்கிறார். ஆணியடித்த தகட்டை யாரும் கழற்றி எந்த வண்டியிலும் அடிக்கலாமே என்று அதிகாரி மரியாதையாகவே சொல்லியிருக்கிறார். நம்பரை அழித்த வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம், விசாரிக்க வேண்டும். யார் அழித்தது என்று கேட்டதற்கு நானா, "நான்தான், துருன்னு வெட்டிட்டேன்" என்றிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. கராஜுக்குப் பிரியாணி சரியாக ஒரு மணிக்கு வந்தது. நானா வரவில்லை. சாப்பிடாவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்ற பயத்தில் நான் சாப்பிட்டேன்.

போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் அவரை மட்டும் விட்டார்கள். முகம் சவரம் செய்யாமல், அதே புதுச் சட்டையோடு வந்தார். வந்தவர் யாரையும் திட்டவில்லை. "அந்தப் பழைய துண்டு எங்கயாச்சும் கெடக்கா பாருங்கப்பா. அதக் கொண்டுபோய்க் காட்டுனா ஒரு வழி இருக்குங்கறாங்க" என்றார். எல்லோரும் தேடினோம். நானும் தேடினேன். இரும்புக் கழிவு டிரம்மைக் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகப் புரட்டி, நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். அது என் ரூமில், பெட்டிக்குள் இருந்தது. இப்போது எடுத்துக் கொடுத்தால், இது உன்னிடம் எப்படி வந்தது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்பார்கள். போலீஸ் பயம், விசா பயம் எல்லாம் உண்டு. ஆனால் நானா கேட்பாரே என்பதுதான் பெரிய பயம். அவர் கை இரும்பு விளிம்பில் கீறி ரத்தம் வந்தது. "போதும் விடுங்க, ஸ்கிராப் லாரில போயிருக்கும்" என்று அவரே எழுந்தார்.

திருட்டு இல்லை என்று விசாரணை முடிய ஐந்து மாதம் ஆனது. ஆனால் நம்பர் இல்லாத வண்டியை யார் பெயரிலும் எழுத முடியாது. அது போலீஸ் மைதானத்தில் தூசி மூடிக் கிடந்து, பிறகு நசுக்கப் போய்விட்டதென்று கேள்வி. அடுத்த ரமலானுக்கு முன்பு நானா ஊருக்குப் போனார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். உள்ளே போகும் இடத்தில் அவர் கொஞ்ச நேரம் நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் ரூமில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். பெட்டியைத் திறந்து தகட்டை மடியில் வைத்துக்கொண்டு நானாவுக்குப் போன் செய்தேன். நலம் விசாரிப்பு முடிந்ததும், நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முந்தைய நாளே தெரியும் என்பதையும், டிரம்மில் தேடியது நடிப்பு என்பதையும் சொன்னேன்.

நான் முடித்ததும் நானா பேசினார்.

"வயித்துவலின்னு படுத்தவன் மத்தியானம் பிரியாணி தின்னான்னு எலக்ட்ரீஷியன் சும்மா பேச்சுவாக்குல சொன்னான். அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. ஏர்போர்ட்டுலகூட நின்னு பாத்தேன். நீ பெட்டியத் தூக்கிக் கொடுத்தே. அதுக்கப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

இதை உங்களுக்கு அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நம்பர்தான் எனக்குத் தெரியுமே" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். எழுத்து, எண், எண், எழுத்து என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் தகட்டின் விளிம்பில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனேன். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு, "அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்றாங்க, வைக்கறேன்" என்று வைத்துவிட்டார். தகட்டைக் கைலித் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. டூட்டிக்குப் போனேன். பின் கதவு நசுங்கிய ஒரு வெள்ளைப் பிக்கப் வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் நிமிர்த்திக் கொடுத்தேன்.