மகள் பிறந்த அன்று எரிந்த காஸ் ஹீட்டர்

கல்யாணமாகி, மொரீஷியஸின் தென்கரையில் இருக்கும் சுரினாம் கிராமத்திலிருந்து மேட்டு நகரமான கியூர்பிப்புக்கு வந்த முதல் வருடத்தில் எனக்கு நினைவிருப்பது குளிர் மட்டும்தான். கடலோரத்து வெயிலில் வளர்ந்தவள் நான். கியூர்பிப்பில் உலரப்போட்ட சேலை மறுநாளும் ஈரமாகவே தொங்கும். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த எங்கள் வீட்டில், குளிர்காலமான ஜூலை மாதம் வந்தால் நான் இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, அம்மா வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கணவரை நச்சரித்துக்கொண்டிருப்பேன்.

அவர் நில அளவைக் குழு ஒன்றுக்கு லாரி ஓட்டினார். மேட்டுக் காடுகளில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். குழுத் தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, தன் கூடாரச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் கேட்டு வாங்கி வந்தது ஒரு காஸ் ஹீட்டர். கையில் தூக்கிப் போகிற அளவுக்குச் சின்ன சிலிண்டர். அதன் தலையில் சாய்ந்த கிண்ணம் போல ஒரு தகடு, அதன் நடுவே கம்பிவலை. பற்றவைத்தால் புஸ்ஸென்று சத்தம் வந்து வலை சிவந்துவிடும்.

முதல் தடவை அவர் பற்றவைத்தபோது நான் வாசலுக்கு ஓடிவிட்டேன்.

"வெடிச்சிடாதா?"

"வெடிச்சா நானும்தானே இங்க இருக்கேன்?"

"அதுதான் எனக்குப் பயமே."

எங்கள் வீட்டுப் பேச்சு உண்மையில் கிரியோல்தான். நான் கோயில் வகுப்பில் கற்ற தமிழில் இப்போது எழுதுகிறேன். ஆனால் அவர் சிரித்த சிரிப்பை எந்த மொழியிலும் எழுதிவிடலாம். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஹீட்டரின் முன்னால் கால் நீட்டி உட்காரப் பழகிவிட்டேன். வெயில்காலம் வந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போனது.

அந்த வெயில்காலத்தில்தான் நான் கர்ப்பமாக இருந்தேன். எட்டாம் மாதம் தொடங்கியிருந்தபோது புயல் வந்தது. ரேடியோ எச்சரித்தது, ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம், விளக்கு அணைந்தது, ரேடியோவும் நின்றது. காற்று ஓய்ந்து விடிந்தபோது பின்பக்கத்துச் சமையலறைக்குக் கூரையே இல்லை. விறகு, கரி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் தண்ணீரில் கிடந்தன. தெருவை மரங்கள் அடைத்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே எனக்கு வலி எடுத்தது.

கணவர் விழுந்த மரங்களைத் தாண்டிப் போய், சற்றுத் தள்ளிக் குடியிருந்த தாந்தீனை அழைத்துவந்தார். தாந்தீன் என்றால் அத்தை மாதிரி. எங்கள் தெருவுக்கே அவர் தாந்தீன். மாதாகோயிலுக்குப் போகிறவர். அவருடைய முன்னோரும் எங்களுடையவர்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள்தான். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துப் பார்த்து அவர் கை பழகியிருந்தது.

மதியத்துக்குள் மகள் பிறந்தாள். ஒரு நீள ரொட்டியின் பாதி அளவுதான் இருந்தாள். அழுகை பூனைக்குட்டியின் முனகலாகக் கேட்டது. தாந்தீன் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"போந்யே, கடவுளே! கால் ஐஸா இருக்கு. வெந்நீர் வேணும், சூடு வேணும். அடுப்பை மூட்டு."

"எல்லாம் நனைஞ்சு போச்சு தாந்தீன்," என்றார் கணவர். அடுத்த நொடியே தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஹீட்டரை இழுத்தார். தீக்குச்சிகள் ஊறிப்போயிருந்தன. தாந்தீன் பாவாடைப் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து நீட்டினார். அவர் புகைப்பார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. "பாதிரியார்கிட்ட சொல்லிடாதே," என்றார்.

வலை சிவந்தது. கணவர் பலகை இடுக்குகளில் சாக்குத் துணியைத் திணித்து, காலையில் பலகையைப் பெயர்த்திருந்த ஜன்னலையும் மூடினார்.

"ஜன்னலைத் திற," என்றார் தாந்தீன்.

"குளிர் வருமே! பிள்ளைக்கு..."

"இந்த நெருப்பும் மூச்சு விடுது, நீங்களும் மூச்சு விடுறீங்க. மூடின ரூம்ல காத்து கெட்டுப்போகும். ஒரு கை அளவு திற."

கணவர் திறந்து, ஒரு செருப்பை அண்டக்கொடுத்தார். கொசுவலையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, ஹீட்டரைக் கட்டிலிலிருந்து எட்ட வைக்கச் சொன்னார் தாந்தீன். குழந்தையைத் துடைத்து என் வெற்று மார்பின் மேல் கிடத்தி, மேலே கம்பளியைப் போர்த்தினார். நேரம் போகப் போக அந்தப் பாதங்கள் என் வயிற்றில் இளஞ்சூடாகப் பட்டன. கரண்டியில் பிழிந்து கொடுத்த சீம்பாலைச் சொட்டுச் சொட்டாக விழுங்கினாள். தன் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி தாந்தீன் கிளம்பினார்.

நான் கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது நெற்றிப்பொட்டு தெறித்தது. குமட்டியது. ஜன்னல் மூடிக் கிடந்தது. காற்று மறுபடி வீசியிருக்கிறது போலும், செருப்பு தரையில் விழுந்திருந்தது. கணவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். நாக்கு தடித்துப்போய்க் குரல் வரவில்லை. அவர் அசையவில்லை. கைக்கு எட்டியது பித்தளைச் சொம்புதான். எடுத்து எறிந்தேன். அவர் தோளில் பட்டு உருண்டது.

திடுக்கிட்டு எழுந்தவர் தள்ளாடினார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஹீட்டரின் திருகை மூடிவிட்டுக் கதவை உதைத்துத் திறந்தார். பிறகு எங்கள் இருவரையும் கம்பளியோடு வாரிக்கொண்டு போய் வாசல்படியில் உட்காரவைத்தார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. நான் அதைக் குடித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

"பாப்பா? பாப்பாவைப் பார்!" என்றார்.

கம்பளியை விலக்கினேன். அவள் முகம் சுருங்கி, வாய் கோணி, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு அழுகை அழுதாள். அப்படியும் அழத் தெரியும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணவரும் அழுதார். நான் மட்டும் சிரித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த அழுகையைக் கேட்டு தாந்தீன் ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னதும் கணவரின் காதைப் பிடித்துத் திருகாத குறைதான். ஜன்னல் கதவைக் கயிற்றால் இழுத்து ஆணியில் கட்டினார். அறை நன்றாகக் காற்றாடிய பிறகே ஹீட்டரை மறுபடி பற்றவைக்க விட்டார். அப்புறம் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று முறை வைத்துவிட்டு, முதல் முறையையும் தானே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சிலிண்டர் தீர்ந்து வலை கறுத்தபோது, தெருவில் கோடரிச் சத்தம் கேட்டது. ஆட்கள் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக அளவைக் குழுவின் லாரியையே கணவர் கேட்டுக் கொண்டுவந்துவிட்டார். நான் மகளை மார்போடு அணைத்து முன்னால் உட்கார்ந்தேன். தாந்தீன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "எடை குறைவுதான். மற்றபடி நன்றாக இருக்கிறாள். தேறும் வரைக்கும் தாயும் பிள்ளையும் இங்கேயே இருக்கட்டும்," என்றார். மகளை விளக்கு எரிகிற ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அதற்குள் மின்சாரம் வந்துவிட்டிருந்தது.

கணவர் வெளியே போய் எங்கிருந்தோ சூடான ரொட்டி வாங்கிவந்தார். கடைசியாகப் புயலுக்கு முன்பு சாப்பிட்டதுதான் என்பது அதன் வாசனை வந்தபோதுதான் உறைத்தது. தாந்தீன் அதை மூன்றாகப் பிய்த்தார். என் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து, தூள் கூட மிச்சம் வைக்காமல் தின்றோம். அதற்குப் பிறகு கணவர் உட்கார்ந்தபடியே என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். நர்ஸ் எழுப்ப வந்தாள். "விடு மகளே, கொஞ்சம் தூங்கட்டும்," என்றார் தாந்தீன்.