சூடாகாத எஞ்சின்

சூடே ஆகாத எஞ்சினுக்கு நான் எத்தனையோ முறை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் ஒரு மினி பஸ்ஸுக்கு நான் டிரைவர். படிப்பு எட்டாவது, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டுப் படித்த படிப்பு. மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். கீழே இருக்கும் டவரின் சிக்னல் அதுவரைதான். தாண்டிவிட்டால் கையில் இருக்கும் போன் வெறும் கடிகாரம். அந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி, பிளாஸ்டிக் கேனோடு இறங்கி, "எஞ்சின் சூடாயிடுச்சி, அஞ்சு நிமிசம் எல்லாரும் காத்து வாங்குங்க" என்று சத்தம் கொடுப்பேன். எங்கள் கண்டக்டர் அண்ணன் பின்படியில் நின்று போனில் போக்கர் ஆட்டத்தை முடிப்பார். சிக்னல் அறுந்தால் அந்த ஆப் அவருடைய சீட்டைத் தானாகவே கீழே போட்டுவிடும், வைத்த பணமும் போய்விடும். அதற்காகத்தான் அத்தனை தண்ணீரும். படிக்கம்பியில் அவர் காசால் இரண்டு தட்டு தட்டினால் என் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

அண்ணன் மலைக்காரர். சாமை விதைக்கும் கொஞ்சம் நிலம், மனைவி, மனைவி வளர்த்த வெள்ளாடுகள், இந்தக் கண்டக்டர் வேலை, அவ்வளவுதான் அவருடைய சொத்து. ஆனால் முகம் படிப்பதில் அவரைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. மூட்டையும் பலாப்பழமும் ஜனமுமாக நெருக்கும் வண்டியில், டிக்கெட் எடுக்காதவனிடம் நேராகப் போய் நிற்பார். எப்படி என்று கேட்டேன். "காசு வச்சிருக்கறவன் டக்குனு எடுத்துக் குடுப்பான். இல்லாதவன்தான் பாக்கெட்ட தடவிக்கினே இருப்பான்" என்றார். அந்த வித்தையை அப்படியே போக்கருக்குக் கொண்டுபோனார். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. மீதி எல்லாம் எதிராளி பொய்யாகப் பந்தயத்தை ஏற்றுகிறானா, நிஜமாகவா என்று கண்டுபிடிப்பதுதான்.

"போன்ல மூஞ்சியே தெரியாதேண்ணா?"

"மூஞ்சி இன்னாத்துக்குடா? எவ்ளோ நேரம் எடுத்துக்கறான்னு பாரு. யோசிச்சிக்கினே இருந்தான்னா கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"அப்போ அவனுக்கும் ஒரு டிக்கெட்டு கிழிச்சிக் குடுத்துடுண்ணா."

அடிக்க வருவார். நான் ஹாரனை அழுத்தித் தப்பிப்பேன். ஆனால் கிண்டல் செய்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரிடம் திறமை இருந்தது. மட்டமான சீட்டு வந்தால் முகம் சுளிக்காமல் தூக்கிப் போடுவார். பத்து ஆட்டம் சும்மா இருந்து பதினோராவதில் இறங்குவார். நல்ல சீட்டு வருவது அதிர்ஷ்டம், கெட்ட சீட்டை விடத் தெரிவது திறமை என்று எனக்கே புரிய வைத்தார். போனை எப்போது சட்டைப் பையில் போடுவது என்பது மட்டும் இந்த இரண்டிலும் சேரவில்லை. ஜெயித்த வாரம் எனக்கு பரோட்டா கிடைத்தது. தோற்ற வாரங்களில் ஆட்டுப்பட்டியில் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஆன்லைன் ஆட்டத்துக்கு அரசாங்கம் ஆதார் கேட்டது, நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஆட்டம் கிடையாது என்றது. "தெறமைக்கு இன்னாடா டைமு?" என்று அண்ணன் கோபப்பட்டார். காலை ஏழு மணி டிரிப்பில் ஆடுகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு ஒன்றும் செய்யவில்லை.

கடைசி ஆடும் போனதும் அண்ணி நைனார்பாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலிவேலை. அண்ணன் மூன்று முறை போய் அழைத்தார். போனில் இருந்த ஆப்பை அண்ணியின் கண் முன்னாலேயே அழித்தார். அதை நம்பி அண்ணி ஒரு காலையில் பையோடு எங்கள் வண்டியில் ஏறினார். எனக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டிய ஒற்றை இருக்கை. அண்ணன் பின்னால் போனார். கண்ணாடியில் பார்த்தேன், டிக்கெட் பைக்கு அடியில் அவர் தலை குனிந்திருந்தது. அழித்ததை மறுபடி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வளைவு வந்தது. கம்பியில் இரண்டு தட்டு.

இன்றைக்கு வேண்டாம் என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. நிறுத்தினேன். "இந்த வண்டிக்குத் தெனமும் ஒரே எடத்துலதாம்பா தாகம் எடுக்குது" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

"தம்பி, வண்டி நெசமாவே சூடாயிடுச்சா?"

"ஆமாங்க அண்ணி. கொதிக்குது."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். அண்ணியின் உள்ளங்கை அந்த மூடியின் மேல்தான் இருந்தது.

நான் கேனோடு இறங்கிப் பின்படிப் பக்கம் போனேன். அண்ணன் நிமிராமலே, "பாருடா, எவ்ளோ நேரம் யோசிக்கறான்! கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, இருந்த மொத்தத்தையும் வைத்தார். எனக்குத் திரையின் ஓரம் தெரிந்தது. அங்கே ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சிக்னல் தடுமாறும்போது சுற்றும் வட்டம். எதிராளி யோசிக்கவே இல்லை. தாமதம் இவர் போனில். வட்டம் நின்றதும் அவன் சீட்டு விரிந்தது. அண்ணன் தோற்றார். முன்னால் கதவருகே அண்ணி பையோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கம் போய், கீழே இறங்கும் வண்டிக்காக நின்றார். "ஏறு, ஜனங்க பாக்கறாங்க" என்று அண்ணன் கெஞ்சினார். அண்ணி அவரைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னார்: "தம்பி, வண்டிய எடு. எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க." எடுத்தேன். மலை உச்சி போய்ச் சேரும்வரை அண்ணன் ஒருவரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துப் புதுச் சட்டம் வந்தது. போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று பெரிய பெரிய வக்கீல்கள் எத்தனையோ நாள் வாதாடியிருந்தார்கள். எதுவாக இருந்தாலும் பணம் வைத்து ஆடக்கூடாது என்று இந்தச் சட்டம் ஒரேயடியாகச் சொன்னது. ஆப் மூடிக்கொண்டது. லீவு நாளில் என் பைக்கில் இருவரும் நைனார்பாளையம் போனோம். வாசலில் உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்த அண்ணியிடம் அவர் போனை நீட்டினார்.

"பாரு, சர்க்காரே பூட்டிடுச்சி. இனிமே நான் நெனச்சாலும் ஆட முடியாது."

"அப்போ நெனக்கறீங்க" என்றார் அண்ணி. கத்தி நிற்கவில்லை.

அந்த வாசலில் எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. "அண்ணி, அன்னிக்கி எஞ்சின் சூடாவல" என்றேன். "தெரியும் தம்பி. நீயாவது ஒத்துக்கினியே" என்றார். அண்ணி வரவில்லை, நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். சட்டம் பூட்டியதைவிட அண்ணி சொன்ன அந்த வார்த்தைதான் அண்ணனைச் சாய்த்தது என்று எனக்குத் தோன்றும். அதன்பிறகு அவர் போன் டிரிப் முடியும்வரை என் இருக்கைக்கு அடியில்தான் கிடந்தது. நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்.

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அண்ணி ஏறினார், கையில் அதே பை. அண்ணன் அருகே வந்து நின்றார். எங்கள் வண்டியில் குடும்பத்து ஆட்களுக்கு டிக்கெட் போடும் வழக்கம் கிடையாது. அண்ணி சில்லறையைச் சரியாக எண்ணி நீட்டினார்.

"உனக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்றார் அண்ணன்.

"டிக்கெட்டு வாங்கிட்டா எந்த எடத்துல வேணா எறங்கிக்கலாம் இல்ல?"

அவர் கொஞ்ச நேரம் அண்ணியின் முகத்தையே பார்த்தார். பிறகு மலைக்கு ஒரு டிக்கெட் கிழித்து, "எறங்கிக்கலாம்" என்று கொடுத்தார்.